அசல் இரட்டையர் தேவை

ஒரே ஆள் இரண்டு ஆளாக நடமாடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு வியாழக்கிழமை காலையில் கலைத்துறை ஆணையருக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவர் எதிரே நாடகக் குழுவின் இயக்குநர் அம்மா உட்கார்ந்திருந்தார். துறையின் ஆண்டு விழாவுக்கு எந்த நாடகம் போடப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார், பாவம்.

ஆணையர் கெட்டவர் இல்லை. போன மாதம் வரைக்கும் கோப்பில் எங்கே கையெழுத்து என்று காட்டினால் போட்டுவிட்டு, காபி குடிக்கப் போய்விடுகிற மனிதர். யாரோ வேண்டாதவர்கள் அவரைக் 'கலையில் உண்மைத்தன்மை' என்ற பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். போனவர் வேறு, வந்தவர் வேறு. வந்த அன்றே வரவேற்பறையில் இருந்த பிளாஸ்டிக் பூவை எடுத்துவிட்டு அசல் பூ வைக்கச் சொன்னார். வைத்தார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது எந்தப் பிரிவின் பொறுப்பு என்று முடிவாகாததால் பூ உதிர்ந்து காம்பு மட்டும் நின்றது. வருகிறவர்கள் காம்பைப் பார்த்து, "அசல்னா அசல்தான்!" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்போது ஊரிலும் அசலுக்கு அப்படியொரு மவுசு. புதுச் சட்டையைக் கிழித்து 'அசல் பழசு' என்று விற்றார்கள். நாமும் வரிசையில் நின்று வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

இயக்குநர் அம்மா சொன்ன நாடகம் பழைய நகைச்சுவை நாடகம். கைக்குழந்தையிலேயே பிரிந்துபோன இரட்டையர்கள். ஒருவர் பல் டாக்டராகவும் மற்றவர் பூட்டுச் சாவி ரிப்பேர்காரராகவும் வளர்ந்து, ஒரே ஊருக்கு வந்து சேர்கிறார்கள். பல் வலிக்காரர்கள் பூட்டுக்காரரிடம் போய் வாயைத் திறக்கிறார்கள். வீட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் டாக்டரைக் கையோடு கூட்டிப்போய்க் கதவுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். கடைசியில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். சுபம்.

"ரெண்டு வேஷமும் யார் போடறது?" என்று ஆணையர் கேட்டார்.

"நம்ம ரெட்டையன்தான் சார். ரொம்ப வருஷமா அவர்தான் ரெண்டுமே. அதனாலதான் அந்தப் பேரே வந்தது."

"அப்ப இரட்டையர்கள் எங்கே?"

"அவர்தான் சார்."

"அவர் ஒருத்தர்தானே?"

"ஒருத்தர்தான் சார். ரெண்டு பேரா நடிக்கிறார்."

"அதாவது, இல்லாத ஆளை இருக்கற மாதிரி காட்டறார்."

"அதுக்குப் பேர்தான் சார் நடிப்பு."

"அதுக்கு அரசாங்கத்துல வேற பேர் இருக்கு அம்மா. ஆள்மாறாட்டம்."

இயக்குநர் அம்மா கடைசிக் காட்சியை ரெட்டையன் எப்படிச் செய்வார் என்று விளக்கினார். மேடைத் தச்சர் அதே கோட்டை மாட்டிக்கொண்டு சபைக்கு முதுகைக் காட்டி நிற்பார். ரெட்டையன் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடிப்பார். பிடித்தபடியே இருவரும் தூணைச் சுற்றிவருவார்கள். தூணுக்குப் பின்னால் போகும்போது ரெட்டையன் தலை வகிட்டை வலமிருந்து இடமாக மாற்றிக்கொண்டு, அடுத்த பக்கம் இன்னொரு ஆளாக வெளிப்படுவார். சபை அழும்.

"யாரைப் பார்த்து அழுவாங்க?"

"தச்சரோட முதுகைப் பார்த்து சார்."

"மக்களை ஒரு முதுகுக்காக அழ வைக்கறதை இந்தத் துறை இனிமே அனுமதிக்காது" என்றார் ஆணையர். அசல் இரட்டையர் இருவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு துணை ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது.

துணை ஆணையர் ஒல்லியான, மௌனமான, எதையும் ஒருமுறைக்கு மேல் கேட்காத மனிதர். ஊரெல்லாம் தேடினார். ஒரு ஜோடி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது. இன்னொரு ஜோடியில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். மிச்சம் ஒரே ஒரு ஜோடி. அண்ணன் கடைத்தெருவில் பேக்கரி வைத்திருந்தார். தம்பி அதே தெருவின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

துணை ஆணையர் பேக்கரிக்குப் போனார். பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"அவன் வர்றானா?"

"வர்றார்."

"அப்ப நான் வரல."

அங்கிருந்து கண்ணாடிக் கடைக்குப் போனார். தம்பி ஒரு கண்ணாடியை ஊதித் துடைத்தபடியே கேட்டார்.

"அவர் வர்றாரா?"

"வர்றார்."

"அப்ப நான் வரல."

துணை ஆணையர் திரும்பி வந்து, 'இரட்டையர் இருவரிடமும் முழுமையான கருத்தொற்றுமை காணப்படுகிறது' என்று எழுதிவைத்தார்.

பிறகு இருவரும் நாடகத்தில் நடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அரசாங்கம் கேட்டுக்கொள்வது எப்படிப்பட்ட கேட்டுக்கொள்ளல் என்று உங்களுக்குத் தெரியும். பேக்கரிக்காரரின் புதுப் புகைபோக்கிக்கான அனுமதி வெகுநாளாக நகராட்சியில் தூங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் கடைப் பெயர்ப்பலகை நடைபாதைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பற்றித் துணை ஆணையர் பொதுவாக விசாரித்தார். அவ்வளவுதான். இருவருக்கும் திடீரென்று கலையார்வம் பிறந்துவிட்டது.

ஒத்திகைக்கு வந்த அன்றுதான் இயக்குநர் அம்மா அவர்களை முதன்முறையாகச் சேர்த்துப் பார்த்தார். அண்ணன் வழுக்கை, தொப்பை, முழங்கை வரை அடுப்புச் சுட்ட தழும்பு. தம்பி ஒட்டடைக்கொம்பு மாதிரி, மைபோட்ட கிராப்பு, அரும்பு மீசை. அம்மா நேராக ஆணையரிடம் ஓடினார்.

"சார், ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்ல. இவரைப் பார்த்துட்டு அவர்னு யாரும் ஏமாற மாட்டாங்க. நாடகமே அதுதான் சார்!"

"பிறப்புச் சான்றிதழ் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"என்ன இருக்கு?"

"இரட்டையர்னுதான் இருக்கு. ஆனா முகம் அப்படி இல்லையே சார்."

"அப்ப பிழை முகத்துல இருக்கு" என்றார் ஆணையர். "சான்றிதழ்ல இல்ல."

ரெட்டையனுக்கு வேடம் இல்லை. வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்து, மேடைப் பக்கவாட்டில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் மனசுக்குள் வெந்திருப்பார். ஆனாலும் கலைஞன். முதல்நாளே அண்ணனைக் கூப்பிட்டு, "டாக்டர் வேஷக்காரர் இந்தப் பக்கத்துலேர்ந்து வருவார். நீங்க அவரைப் பார்த்ததும் கையை விரிக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

"சரி. அந்த ஆள் எவ்வளவு தூரத்துல நிப்பான்னு அந்த ஆளையே கேட்டுச் சொல்லுங்க."

ரெட்டையன் ஐந்தடி நடந்து தம்பியிடம் போனார்.

"ரெண்டடி தள்ளித்தான் நிப்பேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. மேல கை படக்கூடாதுன்னும் சொல்லிடுங்க."

"தம்பி, அந்த இடத்துல கட்டிப்பிடிக்கணும்."

"அதை அவர்கிட்ட நீங்க சொல்லுங்க. அவர் ஒத்துக்கிட்டார்னா எனக்கு வந்து சொல்லுங்க. நான் மாட்டேன்னு சொல்றேன்."

இப்படி ஒரு நாள் ஒத்திகையில் ரெட்டையன் நடந்த நடையைச் சேர்த்தால் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம். வசனமும் அப்படியேதான். "என் உடன்பிறப்பே!" என்பதை அண்ணன் கூரையைப் பார்த்துச் சொன்னார். "உன்னைத்தானே தேடினேன்!" என்பதைத் தம்பி தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

ஒருநாள் இடைவேளையில் டீ குடிக்கும்போது ரெட்டையன் அண்ணனிடம், "அப்படி என்னதாங்க சண்டை?" என்று கேட்டார். பேக்கரிக்காரர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சொன்னார்.

"எங்கப்பா படுத்த படுக்கையா கிடந்தார். கண்ணும் போயிடுச்சு. குளிப்பாட்டறது, ஊட்டறது, நகம் வெட்டறது, எல்லாம் நான்தான். மாவு பிசைஞ்ச கையைக் கழுவிட்டு வந்து அவருக்குக் கால் பிடிச்சுவிடுவேன். அவன் எப்பவாவது எட்டிப் பார்ப்பான். கடைசி நாள் வந்தான். நான் வெந்நீர் எடுத்துக்கிட்டு வாசப்படியில நிக்கறேன். அவன் 'அப்பா'ன்னு கூப்பிட்டான். அப்பா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இருந்ததாலதான்டா நான் மனுஷனா சாகறேன். பெரியவனே, உனக்கு ஒரு குறையும் வராது'ன்னார். நான்னு நினைச்சுட்டார்."

"எப்படிங்க? நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி இல்லையே?"

"கண் தெரியாதவருக்கு என்ன வழுக்கை, என்ன கிராப்பு? குரல் ஒண்ணு எங்களுக்கு."

ரெட்டையனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். முக்காலியில் உட்கார்ந்து பிரதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் யார் பேசுவது என்று தெரியாமல் அவரே நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"'அப்பா, நான் சின்னவன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் பேக்கரிக்காரர். "சொல்லலை. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வாங்கி வெச்சுக்கிட்டான்."

ஆண்டு விழா வந்தது. அரங்கம் நிரம்பியிருந்தது. திரை விலகுமுன் துணை ஆணையர் மேடைக்கு வந்து ஓர் அறிவிப்பைப் படித்தார்: "இந்நாடகத்தில் தோன்றும் இரட்டையர் இருவரும் உருவத்தில் ஒருவரையொருவர் முற்றிலும் ஒத்திருக்கிறார்கள் என்று இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுகிறது. இதில் ஐயம் உள்ளவர்கள் அலுவலக நேரத்தில் அணுகலாம்."

பிறகு நாடகம். பல் வலிக்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பூட்டுக்காரராக நின்ற வழுக்கைத் தலைப் பேக்கரிக்காரரைப் பார்த்து, "டாக்டர்! அதே முகம், அதே முடி! காலையில பார்த்த அதே டாக்டர்!" என்றார். சபை ஒரு கணம் திகைத்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யோவ், முதல்ல கண்ணாடிக் கடைக்குப் போய்யா!" என்றது. அந்தச் சமயம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரரே டாக்டராக மேடைக்கு வர, கொட்டகை அதிர்ந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. தொப்பையைப் பார்த்து 'என் மெலிந்த நண்பரே' என்று ஒருவர் கட்டிக்கொண்டார். கண்முன்னால் இருப்பது தெரியாமல் கையிலிருக்கும் காகிதத்தை நம்புகிற மனிதர்களைப் பற்றி எவ்வளவு துணிச்சலான நாடகம் என்று சபை கைதட்டியது. ஆணையரும் தட்டினார். துணிச்சல் என்றால் அவருக்கும் பிடிக்கும்.

கடைசிக் காட்சி. அண்ணன் ஒருபக்கம், தம்பி ஒருபக்கம், நடுவே இரண்டடி. ஒத்திகையில் ஒப்புக்கொண்ட அதே இரண்டடி. தம்பி சொல்லவேண்டிய வசனம், "அண்ணா, நம் தந்தையார் கடைசியாக என்ன சொல்லிவிட்டுச் சென்றார்?" அதற்கு அண்ணன் நீளமாக ஒரு பதில் சொல்லவேண்டும்.

தம்பி கேட்டுவிட்டார். அண்ணன் வாய் திறக்கவில்லை. ரெட்டையன் பக்கவாட்டிலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார். இன்னொருமுறை கொஞ்சம் சத்தமாகக் கொடுத்தார். அண்ணன் முதன்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"அதைத்தான் நீ வாங்கிக்கிட்டியே" என்றார். "என்னை எதுக்குக் கேக்கறே?"

பிரதியில் அப்படி ஒரு வரி இல்லை. ரெட்டையன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். முதல்வரிசையில் ஆணையரும் துணை ஆணையரிடம், "இது ஒப்புதல் வாங்கின வசனமா?" என்று கிசுகிசுத்தார்.

தம்பி செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எனக்குத் தெரியும், அது எனக்கு இல்லேன்னு. நீ அந்தப் பக்கம் போனதும், 'கை ஏன்டா இவ்வளவு மெத்துனு இருக்கு, கடையை மூடிட்டியா'ன்னு அப்பா கேட்டார். 'இன்னைக்கு லீவுப்பா'ன்னு சொன்னேன்."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நான் சின்னவன்னு சொன்னா கையை விட்டுடுவாரோன்னு பயந்துட்டேன் அண்ணா. அதுவரைக்கும் அவர் என் கையை அப்படிப் பிடிச்சதே இல்ல. அந்த ஒரு தடவை நீயா இருந்துட்டேன்."

திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்தபடி, "இழுத்துடவா?" என்று சைகையில் கேட்டார். ரெட்டையன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமேடா, மடையா!"

"ஒரு தரம் கடைக்கு வந்தேன். நீ என்னைப் பார்த்துட்டு ஷட்டரை இழுத்தே."

"ரொட்டி தீர்ந்துடுச்சு, இழுத்தேன். உன்னைப் பார்க்கவே இல்லடா நான்."

அப்புறம் அந்த இரண்டடி இல்லை. யார் முதலில் நகர்ந்தது என்று ரெட்டையனாலேயே சொல்ல முடியவில்லை. தூண் இருந்தது, யாரும் அதைச் சுற்றவில்லை. தொப்பையும் ஒட்டடைக்கொம்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே குரலில் அழுதார்கள். அரங்கமே சேர்ந்து அழுதது. பக்கவாட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ரெட்டையனும், தன் வேஷம் போனதையும் மறந்து, பிரதியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆணையர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலைத் துணை ஆணையரிடம் காட்டி, "அசல்" என்றார்.

மறுநாளே உத்தரவு வந்தது. நாடகம் ஒவ்வொரு வாரமும் நடத்தப்படும். கடைசிக் காட்சி உள்ளது உள்ளபடியே நடத்தப்படும்.

அடுத்த வாரம் சகோதரர்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். ஒப்பனை அறையில் ஆளுக்குப் பாதியாக ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றார்கள். கடைசிக் காட்சியில் தம்பி "அண்ணா!" என்றதும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையிலேர்ந்து இதோட பத்துத் தடவை கூப்பிட்டுட்டான்" என்று சபையிடமே சொன்னார். சபையில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

ஆணையர் இயக்குநர் அம்மாவை அழைத்தார்.

"போன வாரம் இருந்த உண்மைத்தன்மை எங்கே போச்சு?"

"போன வாரம் அவங்க சண்டையில இருந்தாங்க சார். இப்ப ராசியாயிட்டாங்க."

"யாரைக் கேட்டு ராசியானாங்க?"

பதிலையும் ஆணையரே சொன்னார்.

"துறையோட மேடையில, துறையோட விளக்கு வெளிச்சத்துல ராசியாகியிருக்காங்க. அப்ப அது துறைக்குச் சொந்தமான ராசி. அதை இவங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனது முறைகேடு. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால அவங்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவாங்க."

பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பும் துணை ஆணையர் தலையிலேயே விழுந்தது. அவருக்குச் சண்டை மூட்டிப் பழக்கமில்லை. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதானே. பேக்கரிக்குப் போய்த் தயங்கித் தயங்கி, "உங்க தம்பி, உங்க பன் கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னார்" என்றார்.

"அவனுக்குக் கடைவாய்ப் பல்லு ஆடுது சார். சொல்லத்தான் செய்வான்" என்று பேக்கரிக்காரர் சிரித்துவிட்டு, மெத்தென்ற பன்னாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டினார். "போற வழிதானே? அவன்கிட்ட குடுத்துடுங்க." துணை ஆணையர் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கடை வாசலிலேயே நின்றிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

"ரெட்டையனையே திரும்பக் கூப்பிட்டுடலாம் சார்" என்றார் இயக்குநர் அம்மா. "அவர் ஒவ்வொரு வாரமும் புதுசா அழுவார். அதுதானே சார் அவர் தொழில்?"

"ஆள்மாறாட்டத்தைப் பத்தி ஏற்கனவே பேசியாச்சு" என்றார் ஆணையர்.

அப்படியாகத்தான் அந்த விளம்பரம் வெளிவந்தது. 'வாரந்தோறும் மேடையில் ஒன்றுசேர்வதற்கு, பிரிந்த இரட்டையர் தேவை. இரட்டையர் கிடைக்காதபட்சத்தில் சாதாரண உடன்பிறந்தோரும் பரிசீலிக்கப்படுவர். பேச்சுவார்த்தை அறவே இல்லாதிருத்தல் கட்டாயம். தொலைபேசியில் மட்டும் பேசுவோர் விண்ணப்பிக்கத் தேவையில்லை.'

நாலு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் அலுவலகக் கதவைத் திறந்தபோது வரிசை படியிறங்கி, தெருவைத் தாண்டி, கண்ணாடிக் கடையையும் கடந்து, பேக்கரி வரைக்கும் போயிருந்தது. ஊரில் பாதிப்பேர் நின்றார்கள். முதல் நாள் நாடகம் பார்த்து அழுதவர்கள்தான் முக்கால்வாசி.

துணை ஆணையர் ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்தார். முதலில் நின்றவர் ஒரு தையற்காரர். அவருக்குப் பின்னால் ஒரு லாரி டிரைவர். இருவரும் ஒரே வீட்டு விலாசத்தைச் சொன்னார்கள்.

"நீங்க ரெண்டு பேரும்..."

"அண்ணன் தம்பி சார்" என்றார் தையற்காரர், திரும்பிப் பார்க்காமல்.

"முன்னும் பின்னுமாத்தானே நிக்கறீங்க? இப்பவே பேசிக்கலாமே?"

தையற்காரர் பதறிப்போனார். "அதெப்படி சார்? சும்மா எப்படிப் பேசறது? மேடை வேணும், விளக்கு வேணும், பின்னாடிலேர்ந்து ஒருத்தர் வசனம் எடுத்துக் குடுக்கணும். திடீர்னு பேசினா அசலா இருக்காதே சார்!"

"நியாயம்தான்" என்றார் பின்னால் நின்ற லாரி டிரைவர், துணை ஆணையரைப் பார்த்து. "இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது சரி. அவர்கிட்ட சொல்லிடுங்க."

துணை ஆணையர் சொன்னார். பிறகு பேனாவை மூடினார். 'உணவு இடைவேளை' என்ற பலகையை எடுத்து ஜன்னலில் மாட்டினார். சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, வரிசை நெடுகிலும் நடந்து, பேக்கரி வாசலில் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு அண்ணனா சார், தம்பியா?"

"அக்கா."

"எங்க இருக்காங்க? ரொம்ப தூரமா?"

"இல்லீங்க" என்றார் துணை ஆணையர். "எங்க வீட்டு மாடியில."